வாத்தியாரின் இடது கை

ராகேஷால் பேச முடியவில்லை. உடைந்த தாடையை டாக்டர் மேலும் கீழும் கம்பி போட்டுப் பூட்டியிருந்தார். அதனால் செல்போனில் தட்டி, திரையைத் திருப்பிக் காட்டினார்.

'பேர் கிடைச்சுதா?'

"கிடைக்கும்" என்றாள் ஸ்வர்ணலதா.

'பேர் மட்டும் குடுங்க. எந்தக் கையால அடிச்சானோ, அந்தக் கையில அஞ்சு விரலையும் நான் பார்த்துக்கறேன்.'

"விரலைப் பாக்கணும்னா மருதாணி வெக்கறவங்க கிட்ட போங்க சார். எங்க கிட்ட ஏன் வந்தீங்க" என்றான் இனாயத்.

ராகேஷ் சிரிக்கவில்லை. அந்த முகத்துக்குக் கம்பி இல்லாத நாளிலும் சிரிப்பு வந்ததாகத் தெரியவில்லை.

ஸ்வர்ணலதா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். அதற்கு முன் சப்-இன்ஸ்பெக்டர். வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டால், "பொறுமை போயிடுச்சு" என்பாள். யாருடைய பொறுமை என்று மட்டும் சொல்ல மாட்டாள். உதவியாளன் இனாயத் கோடம்பாக்கத்தில் ஸ்டண்ட் நடிகனாக இருந்தவன். அங்கே ஹீரோக்களிடம் அடி வாங்கினான். இங்கே இவளிடம் திட்டு வாங்குகிறான். சம்பளம் மட்டும் இங்கே ஒழுங்காக வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான்.

அவர்கள் நின்றிருந்தது மயிலாப்பூரில் ராகேஷ் பாக்சிங் கிளப் நடத்தும் மொட்டை மாடி. தகரக் கூரை, தொங்கும் மணல் பைகள், நடுவில் கயிறு கட்டிய ரிங். ரவுண்டு முடிந்தால் அடிப்பதற்கு ஒரு வெண்கல மணி. சன்னதித் தெருவில் பூஜை சாமான் கடையில் வாங்கியதாம். கீழே தெப்பக்குளம், எதிரே கோபுரம். மாடியில் மட்டும் வியர்வை நாற்றம்.

நடந்ததாக ராகேஷ் சொன்ன கதை சின்னது. போன வாரம் விடியற்காலையில் மாட வீதிகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். ஒரு சந்துக்குள் மூன்று பேர் பின்னாலிருந்து பாய்ந்தார்கள். முகம் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

"சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க சார்" என்றாள் ஸ்வர்ணலதா.

தூக்கினார். விலா, முதுகு, வயிறு எங்கும் ஒரு கீறல் இல்லை.

"போலீசுக்கு ஏன் போகலை?"

'அவங்க கேஸ் போடுவாங்க. எனக்குக் கேஸ் வேணாம்.'

இனாயத் சுவரில் மாட்டியிருந்த போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளவுஸ் போட்ட ராகேஷ், மாலை போட்ட ராகேஷ். மூலையில் பழைய போட்டோ ஒன்று. கட்டம் போட்ட லுங்கி, கழுத்தில் கர்ச்சீப் கட்டிய ராகேஷ்.

"மாஸ்டர், நீங்க நம்மாளா? வில்லன் அடியாளா எவ்ளோ படம் பண்ணிக்கீறீங்க?"

ராகேஷின் கண் சுருங்கியது. 'அது சோத்துக்கு. இது தொழில்' என்று தட்டினார். பிறகு அந்தப் போட்டோவைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். ஸ்வர்ணலதா அதைப் பார்த்தாள்.

குளத்தங்கரை டீக்கடையில் இனாயத் வாயைத் திறந்தான்.

"மேடம், மூணு பேர் ஒருத்தன சாய்ச்சிட்டு, ஒரு மிதி கூட மிதிக்காம போவானுங்களா? நம்ம ஊரு எப்போ இவ்ளோ மரியாதையா ஆச்சு?"

"ஆகலை. அடிச்சது ஒருத்தர். ஒரே அடி, இடது தாடையில. டாக்டர் என்ன சொன்னார்?"

"வாய் தொறந்து இருந்துச்சாம். பல்லைக் கடிச்சிக்கினு இருந்திருந்தா இப்புடி உடைஞ்சிருக்காதாம்."

"பாக்சிங்ல முதல் பாடமே வாயை மூடறதுதான். ஊருக்கே அதைச் சொல்லிக் குடுக்கறவர் வாயை ஏன் திறந்து வெச்சிருந்தார்?"

"கொட்டாவி வுட்டுருப்பாரு. காலங்காத்தால."

"பேசிட்டிருந்தார். இல்லேன்னா திட்டிட்டிருந்தார். பின்னாடியிருந்து பாயறவனை யாரும் நின்னு திட்ட மாட்டாங்க. ஆள் எதிர்ல நின்னிருக்கு." அவள் டீயைக் கீழே வைத்தாள். "டீயை வெச்சிட்டு எழுந்திரு. ஸ்டண்ட்ல கத்துக்கிட்ட மாதிரி ஒரு ஜாப் போடு."

ஜாப் என்பது முன்கையால் விடும் நேர்க்குத்து. ஆளைச் சாய்ப்பதற்கல்ல, தூரம் பார்ப்பதற்கு. இனாயத் டீயை வைக்காமலேயே இடது கையால் ஒரு ஜாப் விட்டான். கை நீண்டது, திரும்பியது, இடுப்புக்கு இறங்கியது. அதே நொடியில் ஸ்வர்ணலதாவின் கையில் சுருட்டி வைத்திருந்த நாளிதழ் அவன் இடது தாடையில் பளாரென்று விழுந்தது. டீ பாதி தரையில்.

"இன்னா மேடம் இது. அந்தாளு தாடை உடைஞ்சதுக்கு என்னுது இன்னா பண்ணுச்சு?"

"கையை ஏன் இறக்கினே?"

"இறக்கித்தான ஆவணும். அடியாளு நாம அடிச்சதும் கைய இறக்கி மூஞ்சியத் தொறந்து குடுக்கணும். அப்பத்தான் ஹீரோ திருப்பி அடிக்கிறது கேமராவுல தெரியும். இறக்கலேன்னா ஸ்டண்ட் மாஸ்டர் திட்டுவாரு. பழகிப்போச்சு." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "அட. அந்தாளும் அடியாளுதான."

"வருஷக்கணக்கா அடி வாங்கறதுக்குக் கையை இறக்கியிருக்கார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பாங்க. ரிங்குக்கு மட்டும் விலக்கா?"

"அப்போ கை இறங்கணும்னா, மொதல்ல அவுரு ஜாப் போட்டிருக்கணும்."

"ஆமா. முதல் அடி அவரோடது. அதான் போலீசுக்குப் போகலை."

இனாயத் தாடையைத் தடவிக்கொண்டான். "சரி, இந்த ஓட்டை யாருக்குத் தெரியும்? அவுரு கிட்ட கத்துக்கற எல்லாருக்கும் தெரியுமே."

"தெரியாது. வாத்தியார் செய்யறது தப்புன்னு மாணவனுக்குத் தோணாது. அவர் கையை இறக்கினா அவங்களும் இறக்குவாங்க. நாம தேட வேண்டியது தப்பு செய்யாத ஆளை."

சாயந்திரம் மாடி நிறைந்திருந்தது. உதவிப் பயிற்சியாளன் ஹரி, ஒல்லியான, யார் முகத்தையும் நேரே பார்க்காத இளைஞன், எல்லோரையும் வரிசையில் நிறுத்தி "ஜாப்" என்றான். கைகள் நீண்டன, திரும்பின, இடுப்புக்கு இறங்கின. முன் வரிசை, நடு வரிசை, ஐ.டி. வேலைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள், எல்லோரும். மொத்த மாடியும் வராத ஹீரோவிடம் அடி வாங்கத் தயாராக நின்றது.

"ஒருத்தர் கூட பாக்கி இல்ல மேடம். அப்பிடியே வேன்ல ஏத்தினா ஷூட்டிங்குக்கு ஆச்சு" என்று கிசுகிசுத்தான் இனாயத்.

"பின்னாடி பாரு."

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பெண்களின் வரிசை. ராகேஷின் நாற்காலி அவர்களுக்கு முதுகைக் காட்டித்தான் போடப்பட்டிருக்கும். உடம்பு இளைக்க வருகிறவர்களை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை, எல்லாம் ஹரியின் பொறுப்பு. அந்த வரிசையின் ஓரத்தில், தலையில் துணி கட்டிய ஒரு பெண். ஒவ்வொரு ஜாபுக்கும் அவள் கை போன வழியே திரும்பிக் கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரு தடவை கூடத் தாழவில்லை.

பைகளைக் குத்தச் சொன்னபோது அவள் இடது கையால் மட்டும் குத்தினாள். வலது கை கிளவுசுக்குள் சும்மா இருந்தது.

"வெறுங்கையால தாடையில குத்தினா தாடை மட்டும் உடையாது" என்றாள் ஸ்வர்ணலதா.

வகுப்பு முடிந்து அந்தப் பெண் புர்கா போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாள். ஸ்வர்ணலதாவை ஏற்றிக்கொண்டு இனாயத்தின் பைக் பின்னால் போனது. ராயப்பேட்டையில் மசூதிக்குப் பக்கத்துச் சந்தில் அவள் இறங்கியதும் இனாயத்தின் முகம் மாறியது. அது அவன் பிறந்து வளர்ந்த பேட்டை. கதவைத் தட்டியதும் அவள் திறந்தாள்.

"தஹ்சீன், நான் இனாயத். பிரியாணி அண்டா வாடகைக்கு வுடுறோமே, அந்த வூடு. இவங்க எங்க மேடம்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. ஸ்வர்ணலதாவைத்தான் பார்த்தாள். "ராகேஷ் அனுப்பினாரா?"

"அவர் பேர் கேட்டார். நான் இன்னும் குடுக்கலை. கையைக் காட்டும்மா."

தஹ்சீன் வலது கையை நீட்டினாள். விரல் முட்டிகள் நீலம் பாரித்து வீங்கியிருந்தன. மறைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உள்ளே ஜன்னலோரம் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். வலது கண் இவர்களைப் பார்த்தது. இடது கண் எதையும் பார்க்கவில்லை.

"என் தம்பி ஜைத்" என்றாள்.

ஜைத் ராகேஷின் கிளப்பிலேயே நன்றாகச் சண்டை போட்டவன். மாநிலப் போட்டிக்காக வேறு பயிற்சியாளரிடம் போக விரும்பினான். சொல்லிவிட்டுப் போகலாம் என்று ராகேஷிடம் போனான். "போறதுக்கு முன்னாடி என்கூட ஒரு ரவுண்டு" என்றார் ராகேஷ். ரவுண்டு முடிந்து மணி அடித்தது. மணி அடித்தால் கையை இறக்க வேண்டும், அது விதி. ஜைத் இரண்டு கையையும் இறக்கினான். ராகேஷ் நிறுத்தவில்லை. விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. மறுநாள் எல்லோரிடமும், "பையனுக்குத் தில் இல்லை, பயத்துல மயங்கிட்டான்" என்றார். அதை எல்லோரும் நம்பினார்கள். ஜைத்தின் இடது கண்ணை எந்த டாக்டராலும் மீட்க முடியவில்லை. அன்றிலிருந்து அவன் வெளியே போவதும் இல்லை.

இனி அந்த ஆளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மன்னியுங்கள்.

"அந்த ரவுண்டு பூரா அவர் இடது கை இறங்கிக்கிட்டே இருந்துச்சு" என்றான் ஜைத். குரல் மெதுவாக வந்தது. "எனக்கு நல்லாத் தெரிஞ்சது. ஒரு வலது கை விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். விடலை. வாத்தியாரை எப்படி அடிக்கிறது?"

"எனக்கு அவன் வாத்தியார் இல்லை" என்றாள் தஹ்சீன்.

அவள் பெண்கள் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே கற்றுக்கொண்ட தப்பை இங்கே அடுப்பங்கரையில் ஜைத் திருத்தினான். அவள் கை இறங்கும்போதெல்லாம் தாடையில் ரப்பர் செருப்பால் ஒரு தட்டு. எதற்குக் கற்றுக்கொள்கிறாய் என்று அவன் கேட்டதே இல்லை.

"கேட்டா தெரிஞ்சிடும். தெரிஞ்சா தடுக்கணும். அதான் கேக்கலை" என்றான்.

"மூஞ்சிய மூடிக்கிட்டுச் சந்துல நின்னேன்" என்றாள் தஹ்சீன். "ஓடி வந்தான். 'உங்க ஜாப் ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு வாத்தியாரே'ன்னேன். அவ்ளோதான் சொன்னேன். கேவலமா ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டே கையை வீசினான். தலையைச் சாய்ச்சேன். கை இறங்கிச்சு."

"கோபம் வரலையா?" என்று கேட்டாள் ஸ்வர்ணலதா.

"கோபத்தோட போனா கை அவசரப்படும்னு ஜைத் சொல்லுவான். அதனால கோபத்தை அவன்கிட்ட குடுத்துட்டேன்."

இனாயத் ஸ்வர்ணலதா பக்கம் திரும்பினான். "மேடம், அந்தாளுக்கு 'மூணு பேரையும் தேடினோம், பாம்பேக்கு ஓடிட்டானுங்க'ன்னு சொல்லிடலாம்."

"வேணாம்" என்றாள் தஹ்சீன். "சொல்லுங்க மேடம். என் பேரைச் சொல்லுங்க, ஜைத் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. எதுக்கு விழுந்துச்சுன்னு தெரியாம வாங்கினா அது ஒரு அடியா?"

"உன் விரலை ஒடிப்பான்மா. சொல்லியிருக்கான். செய்யற ஆளுதான்னு உனக்கே தெரியும்."

"ஒடிக்கட்டும்."

"ஒடிக்கட்டும்னு நீ சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்." ஸ்வர்ணலதா கொஞ்ச நேரம் அந்த நீல முட்டிகளையே பார்த்தாள். அவளுடைய பொறுமை போய்க்கொண்டிருந்தது. பிறகு ஜைத் பக்கம் திரும்பினாள். "தம்பி, நாளைக்கு மூணு மாடி ஏறுவியா?"

மறுநாள் சாயந்திரம் எல்லோரும் வரிசையில் நின்றபோது ராகேஷ் நாற்காலியில் இருந்தான். செல்போன் திரை ஸ்வர்ணலதா பக்கம் திரும்பியது.

'பேர்?'

"சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்க பசங்களுக்கு ஒரு பாடம். இனாயத், ஜாப் போடு."

"மறுபடியுமா" என்று முனகிக்கொண்டே இனாயத் போட்டான். நாளிதழ் பளாரென்று விழுந்தது. யாரோ சிரித்தார்கள்.

"இவர் ஒரு சினிமா அடியாள்" என்றாள் ஸ்வர்ணலதா, எல்லோருக்கும் கேட்கும்படி. "அடிச்சதும் கையை இறக்குவார். ஹீரோ திருப்பி அடிக்கறதுக்கு வசதியா. இப்ப நீங்க ஒவ்வொருத்தரும் ஜாப் போட்டு, கை திரும்பி வந்த இடத்துலயே நிறுத்தி, எங்கே இருக்குன்னு குனிஞ்சு பாருங்க."

கைகள் நீண்டன, திரும்பின, நின்றன. நாற்பது தலைகள் குனிந்து நாற்பது இடுப்புகளைப் பார்த்தன. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"இது யார் கிட்டேயிருந்து வந்ததுன்னு உங்களுக்கே தெரியும். உங்க வாத்தியார் தாடையை மூணு பேர் உடைக்கலை. அவர்தான் முதல்ல ஜாப் போட்டார். கை இறங்கிச்சு. எதிர்ல இருந்த ஒருத்தர் ஒரே ஒரு அடி அடிச்சார்."

ராகேஷ் வேகமாகத் தட்டினான். 'பொய். பேரைச் சொல்லு.'

"ஜைத்" என்றாள்.

ராகேஷின் கட்டை விரல் திரையின் மேலே நின்றது. கம்பிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாக இருக்கலாம். 'அந்தக் குருடனா? மணி அடிக்கறதுக்குள்ள மயங்கி விழுந்தவன்.'

அவள் அதை உரக்கப் படித்தாள், ஒரு வார்த்தை விடாமல்.

"மணி அடிச்சது வாத்தியாரே." சொன்னது ஹரி. முகம் வெளுத்திருந்தது. "நான்தான் அடிச்சேன். அவன் கையை இறக்கிட்டான். நீங்க நிறுத்தலை. மறுபடியும் அடிச்சேன். அப்பவும் நிறுத்தலை. இவ்வளவு நாளா வாயை மூடிட்டு இருந்துட்டேன்."

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஜைத் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே ஏறி வந்தான். வரிசைகள் விலகி வழி விட்டன. நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான்.

ராகேஷ் துள்ளி எழுந்தான். அவனுக்குள் இருந்த அடியாளும் கூடவே எழுந்தான். இடது கை ஜாபாக நீண்டது, ஜைத் குனிந்தான், காற்றைக் குத்திய கை திரும்பி இடுப்புக்கு இறங்கியது. நாற்பது பேரும் பார்த்தார்கள்.

ஜைத்தின் வலது கை மேலே வந்தது. ராகேஷ் கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை. விரிந்த உள்ளங்கை, கம்பி போட்ட இடது தாடையின் மேல் மெதுவாக வந்து தங்கியது. காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது போல.

"இங்கதான் வாத்தியாரே" என்றான் ஜைத். "அன்னைக்கே தெரியும்."

ராகேஷுக்குக் கண்ணைத் திறக்கத் தைரியம் வரவில்லை. தில் இல்லாதவன் யார் என்று அங்கே நின்ற யாருக்கும் இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

டங் என்று மணி அடித்தது.

ஜைத் அந்தக் கணமே கையை எடுத்துக்கொண்டான்.

ராகேஷ் கண்ணைத் திறந்து மணியைப் பார்த்தான். அதன் கயிற்றைப் பிடித்திருந்த கை ஒரு பெண்ணின் வலது கை, முட்டியெல்லாம் நீலம். இத்தனை மாதம் அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்து வந்தவள்.

"ஜைத்தோட அக்கா" என்றாள் தஹ்சீன். "உங்க ஜாப் இன்னும் ஸ்லோதான்."

அந்தக் குரல் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஓர் அடி எடுத்து வைத்தான். அதற்கு மேல் போக இடமில்லை. ஹரி குறுக்கே வந்து நின்றான். அவன் பக்கத்தில் முன் வரிசை, அதன் பின் நடு வரிசை. ஒவ்வொருவரின் இடது கையும் மேலே போய்க் கன்னத்தில் உட்கார்ந்தது. ஒருவர் கையும் இறங்கவில்லை.

இனாயத்தும் கையைத் தூக்கி வைத்துக்கொண்டான். "மேடம், இந்தப் பக்கம் பேப்பர் வேணாம். எனக்கும் திருந்திடுச்சு" என்றான்.

ராகேஷின் செல்போன் நாற்காலியில் கிடந்தது. பாதி தட்டிய ஒரு வார்த்தை திரையில் கொஞ்ச நேரம் ஒளிர்ந்து, தானாக அணைந்தது.